மிடாசோலம் மூக்கு ஸ்பிரே (வலிப்ப நிறுத்துற மருந்து) – ரெண்டு வருஷமா வீட்ல வச்சிருக்கோம்

எங்க பொண்ணுக்கு இப்ப ஏழு வயசு, தத்து எடுத்த பிள்ளை. பெத்த அம்மா மாசமா இருந்தப்ப குடிச்சிருக்காங்கன்னு ஃபைல்ல ஒரே ஒரு வரி இருந்துச்சு, அதோட அர்த்தம் என்னன்னு அன்னைக்கு யாரும் எங்களுக்கு சொல்லல. நாலு வயசுல மொத ஃபிட்ஸ். அத்தை சாவிக்கொத்த கையில திணிச்சாங்க, பக்கத்து வீட்டு அண்ணன் வாய்ல ஸ்பூன் வைக்க வந்தார். ரெண்டுமே வேண்டாங்க. ஒருக்களிச்சு படுக்க வச்சு மணிய பாக்கணும்.

பெத்த அம்மா குடிச்சதையும் இந்த ஃபிட்ஸையும் நரம்பு டாக்டர்தான் சேத்து சொன்னார். குழந்தை உள்ள இருக்கும்போதே ஆல்கஹால் மூளை உருவாகுற விதத்தையே கெடுத்துடுது, அதனால இந்த பிள்ளைங்களுக்கு வலிப்பு வர வாய்ப்பு ஜாஸ்தியாம். 2010ல வந்த கனடா ஆய்வுல இந்த ஆல்கஹால் பாதிப்பு இருக்குற 425 பேர பாத்ததுல சுமார் 6% பேருக்கு எபிலெப்ஸி (திரும்பத் திரும்ப வலிப்பு வர்ற நோய்), அது போக இன்னொரு 12% பேருக்கு ஒரு தடவையாவது ஃபிட்ஸ் வந்திருக்கு. சாதாரணமா நூத்துல ஒருத்தருக்குதான் எபிலெப்ஸி இருக்கும், அதுவும் முழுசா இல்ல. படிச்சிட்டு அன்னைக்கு நைட் எனக்கு தூக்கமே இல்ல.

சரி ஸ்பிரேக்கு வரேன். வலிப்பு 5 நிமிஷம் தாண்டினா தானா நிக்கிறது கஷ்டம், அதுக்குதான் இது. முன்னாடி ஆசனவாய் வழியா குடுக்குற டயஸிபாம்னு ஒரு வலிப்பு மருந்து வச்சிருந்தோம், ஒருதடவ பஸ்ல ஃபிட்ஸ் வந்து அத்தனை பேர் முன்னாடி பிள்ளையோட துணிய கழட்ட வேண்டியதாப்போச்சு, இன்னும் மனசு ஆறல. இது மூக்குல அடிச்சா போதும், எங்க பொண்ணுக்கு ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடுது. அப்புறம் நல்லா தூங்குவா, அந்த நேரம் மூச்சு சீரா இருக்கான்னு பக்கத்துலயே உக்காந்து பாக்கணும்.

குறைன்னா, புது பாட்டில்ல மொதல்ல சில தடவ காத்துல அடிச்சாதான் மருந்து ஒழுங்கா வரும், அந்த பதட்டத்துல இதெல்லாம் ஞாபகம் வராது, அதனால வாங்கின அன்னைக்கே டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ காட்டி கத்துக்கோங்க. எத்தனை பஃப்னு எடைய வச்சு டாக்டர்தான் சொல்லணும், எடை ஏற ஏற அதுவும் மாறும், நான் பாட்டில் மேலயே பேனாவுல எழுதி ஒட்டிருக்கேன். சளி ரொம்ப இருந்தா உள்ள சரியா ஏறாது. சீட்டு இல்லாம தரமாட்டாங்க, சின்ன மெடிக்கல்ல கிடைக்கவும் கிடைக்காது.

முக்கியமா, சும்மா வெறிச்சுப் பாத்துட்டு சில செகண்ட்ல திரும்புற பிள்ளைக்கு இத அடிக்காதீங்க. எங்க பொண்ணும் அப்படி வெறிச்சுப் பாப்பா, ஸ்கூல்ல அத கவனமில்லாத பிள்ளைன்னு ஒரு வருஷம் திட்டிட்டே இருந்தாங்க, இந்த பிள்ளைங்களுக்கு கவனப் பிரச்சனையும் கூடவே இருக்கும்ங்கறதால நாங்களும் அப்படியே நம்பிட்டோம், ஈஈஜி (மூளையோட மின் அலைகள பாக்குற டெஸ்ட்) எடுத்தப்பதான் அதுவும் வலிப்புன்னு தெரிஞ்சுது பாவம்.

5க்கு 4 குடுப்பேன். ஒண்ணு வீட்ல, ஒண்ணு கிளாஸ் மிஸ்கிட்ட, எக்ஸ்பைரி தேதிய ரெண்டுக்கும் போன்ல அலாரம் வச்சிருக்கேன்.