கயிறா, பம்பா, பையா? கண்காணிப்புக் கிணற்றில் நீர் மாதிரி எடுக்கும் முறைகள்

செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டுக் கிணற்றில் நாள்தோறும் இறைத்துக்கொண்டே இருந்ததால், வாளியில் வந்த நீர் பெரும்பாலும் அன்றன்று ஊறிய நீராகவே இருந்தது. நிலத்தடி நீரின் தரத்தைச் சோதிப்பதற்கென்றே போடும் கண்காணிப்புக் கிணற்றின் கதை வேறு. நான்கு அங்குலக் குழாயை இறக்கி மூடி போட்டுப் பூட்டிவிட்டால், அடுத்து அதைத் திறப்பது மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துத்தான். அதற்குள் குழாயில் தேங்கிய நீர் காற்றோடு உறவாடியிருக்கும். கரைந்திருந்த வாயுக்களை இழந்து, இரும்பைத் துருவாகப் படியவிட்டு, சுற்றியுள்ள மண்ணடுக்கின் நீரிலிருந்து விலகிப் போயிருக்கும். இந்தத் தேக்கத்தைத் தாண்டி அடுக்கின் நீரை எப்படி எடுப்பது என்பதில்தான் முறைகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

பழைய முறை, குழாயில் நிற்கும் நீரின் கன அளவைப் போல் மூன்று மடங்கை இறைத்துக் கொட்டிவிட்டு, அதன் பிறகு மாதிரி எடுப்பது. உள்விட்டம் 100 மில்லிமீட்டர், நிற்கும் நீர் 10 மீட்டர் என்றால் ஒரு மடங்கு ஏறத்தாழ 78 லிட்டர், மூன்று மடங்கு 235 லிட்டர். கணக்கு எளிது, கொட்டுவதுதான் கடினம். சித்திரை வெயிலில் தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் நாங்கள் இப்படி இறைத்துக்கொண்டிருந்தபோது, குடத்தோடு வந்த ஓர் ஆச்சி, "ஏந்தம்பி, நல்ல தண்ணிய இப்படித் தரையில விடுறீக?" என்று கேட்டார். ஊருணிக்கு வேலியிட்டுக் காத்த ஊரில் அந்தக் கேள்விக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நீர் மாசுபட்டதாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது: அதைத் தரையில் விடவே கூடாது, கலனில் பிடித்து முறையாக அப்புறப்படுத்த வேண்டும்.

இறைப்பதற்கும் மாதிரி எடுப்பதற்கும் மலிவான கருவி பெய்லர். அடியில் ஒரு பந்து அடைப்பான் கொண்ட நீண்ட குழாய். கயிற்றில் கட்டி இறக்கினால் நிறையும், தூக்கினால் பந்து அடைத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை, ஒரு கிணற்றுக்கு ஒன்று என்று பயன்படுத்தித் தூக்கி எறியலாம். கயிறு அறுந்தால் மட்டும் அழுகைதான். வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுப்போம், நான்கு அங்குலக் குழாய்க்குள் அது நுழையாது. ஆனால் என் குறை இதுவல்ல. பெய்லர் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குழாய்க்குள் உலக்கை போல் இடித்து, அடியில் படிந்த வண்டலைக் கிளப்பிவிடுகிறது. செம்புராங்கல் நிலத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: முதல் வாளி ஓரளவு தெளிவாக வரும், ஐந்தாவது வாளி செங்காவி கரைத்தது போல் வரும். அந்தக் கலங்கலை வடிகட்டாமல் அப்படியே அமிலம் சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால், மண்துகளோடு ஒட்டியிருந்த இரும்பும் மாங்கனீசும் கரைந்து, ஆய்வக அறிக்கையில் நிலத்தடி நீரின் கணக்கில் ஏறிவிடும். பெட்ரோல் பங்க் அருகே பென்சீனைத் தேடும் போது கேடு எதிர்த்திசையில் நடக்கும். பெய்லரிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றும் அந்தச் சில நொடிகளிலேயே ஆவியாகும் பொருளில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

இதற்கு மாற்றாக வந்ததே குறைந்த வேக இறைப்பு. பல்ஸ், பார்சிலோனா என்ற இருவர் எழுதி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு இது பரவியது. கிணறு முழுவதையும் காலி செய்வதற்குப் பதிலாக, நீர் உள்ளே வருவதற்காகத் துளையிட்ட குழாய்ப் பகுதியின் நடுவே பம்பின் வாயை நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை மட்டும் இழுக்க வேண்டும். நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிவரும் நீரைக் காற்றுப் படாத அளவிக் கலத்தின் வழியே செலுத்திச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வர, தொடர்ந்து மூன்று அளவீடுகளில் கார அமில அளவு 0.1-க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 விழுக்காட்டுக்குள்ளும் நின்று, கரைந்த ஆக்சிஜனும் கலங்கலும் அமைந்துவிட்டால், அடுக்கின் நீர் வரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் வீதம் 45 நிமிடம் ஓடினாலும் மொத்தம் பதின்மூன்றரை லிட்டர்தான். முன்பு சொன்ன 235 லிட்டரோடு ஒப்பிட்டால் ஒரு குடத்து நீர்.

எந்தப் பம்பு என்பதும் விடையை மாற்றும். வாயு அழுத்தத்தால் ஒரு பையை நசுக்கி நீரை மேலே தள்ளும் பிளாடர் பம்பில் காற்று நீரைத் தொடுவதே இல்லை. விலையும் சிலிண்டர் சுமையும்தான் அதன் குறை. தரையில் வைத்து ரப்பர் குழாயைப் பிசைந்து உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்பு கைக்கு அடக்கமானது, ஆனால் ஏறத்தாழ 8 மீட்டருக்குக் கீழுள்ள நீரை அதனால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சும் விசையே கரைந்த வாயுக்களைப் பிரித்துவிடுவதால், நீர்மட்டம் எட்டும் ஆழத்தில் இருந்தாலும் ஆவியாகும் பொருளுக்கு அதை நான் எடுக்க மாட்டேன். தோட்டத்து சப்மெர்சிபிள் மோட்டாரைக் கொண்டு இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களும் உண்டு, வேண்டாம்.

இறைக்கவே வேண்டாத முறையும் இருக்கிறது. அயனி நீக்கிய நீரை நிரப்பிய பாலிஎத்திலீன் பையைக் கிணற்றில் தொங்கவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்து எடுத்தால், வெளியிலுள்ள ஆவியாகும் கரிமப் பொருள்கள் பலவும் பையின் சுவர் வழியே ஊடுருவி உள்ளேயும் அதே செறிவை அடைந்திருக்கும். கொட்டும் நீர் ஒரு துளிகூட இல்லை. ஆனால் உப்புகளும் உலோகங்களும் அந்தச் சுவரைக் கடக்காது. ஆகவே புளோரைடும் நைட்ரேட்டும் தேடுபவருக்கு அந்தப் பை பயன்படாது.

இந்த அலசல் முழுவதும் காரைக்குடியைச் சுற்றிய மணற்கல் நிலத்துக்கே நன்றாகப் பொருந்தும். மேற்கே திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கம் போனால் கடினப்பாறை. அங்கே கண்காணிப்புக் கிணறாகப் பயன்படும் ஆறரை அங்குல ஆழ்துளையில் 60 மீட்டர் நீர் நின்றால், மூன்று மடங்கு என்பது ஏறத்தாழ 3,850 லிட்டர். வெடிப்புகளில் ஊறும் நீர் குறைவாக இருந்தால், பாதியிலேயே துளை வற்றிவிடும். பிறகு ஊறுகிற நீர் பாறைச் சுவரில் அருவியாக வழிந்து காற்றைக் குடித்தே சேரும். குறைந்த வேகத்தில் இழுத்தாலும், துளையிட்ட குழாய் இல்லாத திறந்த துளையில் எந்த வெடிப்பின் நீர் வந்தது என்று சொல்ல முடியாது. நீர் வரும் வெடிப்பின் ஆழம் துளையிட்டவரின் குறிப்பில் இருந்தால், பம்பின் வாயை அங்கே நிறுத்தி மெதுவாக இழுப்பேன். இல்லையென்றால், புளோரைடு, மொத்த உப்பு போன்ற கேள்விகளுக்குப் பெய்லரே போதும் என்று ஏற்றுக்கொள்வேன், ஏனெனில் கலங்கலும் காற்றும் அவற்றை அதிகம் பாதிப்பதில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. மே மாதம் பெய்லரிலும் மழைக்குப் பின் தை மாதம் பம்பிலும் எடுத்துவிட்டு, இரும்பு குறைந்துவிட்டது, மழை கழுவிவிட்டது என்று எழுதிய அறிக்கை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து என் பாட்டில் சீட்டில் கிணற்று எண்ணுக்கு அடுத்த வரியில் எடுத்த முறை, பம்பின் வாய் நின்ற ஆழம், இழுத்த வேகம் மூன்றும் இருக்கும். அடுத்த சுற்றுக்குப் போகிறவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கருவியை வண்டியில் ஏற்ற வேண்டும்.