ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரோட மூணு வருசம் - ஒரு வார்டு நர்ஸோட அனுபவம்

செங்கோட்டைப் பக்கம் ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரி, எதுன்னு மட்டும் கேக்காதீங்க, வேலை போயிரும். 2022ல கேஸ் ஷீட்ட எடுத்துட்டு கம்ப்யூட்டர் வச்சாங்க, அதுக்கப்புறம் ரெண்டு பெரிய அப்டேட் வந்தாச்சு. மத்தவங்களவிட கொஞ்சம் வேகமா டைப் அடிப்பேன்னு என்னைய 'சூப்பர் யூசர்' ஆக்கிட்டாங்க, அதாவது வார்டுல யாருக்குச் சந்தேகம்னாலும் நான்தான் சொல்லிக் குடுக்கணும், சம்பளம் ஏறல, டாக்டர்மார்கிட்ட வாங்குற ஏச்சு மட்டும் கூடிச்சு.

மொத ட்ரெய்னிங் ஏசி ஹால்ல ரெண்டு மணி நேரம். கம்பெனி தம்பி ப்ரொஜெக்டர்ல படபடன்னு க்ளிக் பண்ணிட்டே போறாரு, நைட் ட்யூட்டி முடிச்சு வந்த பிள்ளைங்க பாதித் தூக்கம், வந்த மூணு டாக்டரும் போன் வருதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஆரம்பிச்சதும் ஜூலைல, குற்றாலம் சீசன்ல! அருவிக்கரைல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு வாரவங்களப் பாக்கவா, பாஸ்வேர்ட் மறந்துட்டுன்னு கூப்பிடுதவங்களப் பாக்கவா.

எங்க ஊருக்குன்னே ஒரு தலைவலி உண்டு, பேரு. புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு, தென்மலைன்னு கேரளாப் பக்கத்துல இருந்து நெறைய பேர் வாராங்க, அவங்க 'ராஜன் கே'ன்னுவாங்க, நம்ம ஆளுங்க 'கே ராஜன்'. சாஃப்ட்வேர் கடைசிப் பேரு கட்டாயம்ங்குது, ஒருத்தி அதுல புள்ளி வைப்பா, இன்னொருத்தி அப்பா பேரப் போடுவா. பொறந்த வருசம் மட்டும் தெரிஞ்ச பெரியவங்களுக்கெல்லாம் ஜனவரி 1தான். ஒரே பேரு, ஒரே தேதின்னா யாரோட சுகர் ரிப்போர்ட்டு யாருக்குப் போகும்னு யோசிச்சுப் பாருங்க. ஆபா நம்பர்னு (ABHA) சென்ட்ரல் கவர்மெண்ட் குடுக்குற ஹெல்த் ஐடி ஒண்ணு இருக்கு, 14 இலக்கம், எந்த ஸ்டேட்டுக்காரருக்கும் ஒண்ணுபோலதான்ங்கிறதால அது இருந்தா இந்தத் தொல்லை கொறையுது, ஆனா தாத்தாவோட ஓடிபி பேரனோட போனுக்குப் போகும், பேரன் திருப்பூர்ல இருப்பான்.

நெசமாவே பயந்தது ரெண்டாவது அப்டேட்லதான். மருந்தோட அளவு லிஸ்ட்டுல தானா மில்லிகிராம்னு வந்து நின்னுச்சு. தைராக்சின் 50 மைக்ரோகிராம் எழுதவேண்டியது 50 மில்லிகிராம்னு போச்சு, ஆயிரம் மடங்கு! ஃபார்மஸி அண்ணன் பாத்துட்டு போன் அடிச்சாரு, தப்பிச்சோம். டாக்டர் கத்துனா 'அவருக்குக் கம்ப்யூட்டர் வராது'ன்னு நாங்க சிரிப்போம், அன்னைலருந்து அவரு கத்துறதையெல்லாம் நோட்ல எழுதி கம்பெனிக்கு அனுப்புதேன், பாதிக்கு மேல சாஃப்ட்வேர் தப்புதான்.

அதே அப்டேட்ல காலைல ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணுன்னு 1-0-1 போடுற கட்டத்தையும் தூக்கிட்டாங்க, லிஸ்ட்டுல தேடி 'BD'ன்னு (தினம் ரெண்டு வேளை) எடுக்கணுமாம். எங்க பெரிய டாக்டருக்கு முப்பது வருசப் பழக்கம், துண்டுச் சீட்டுல எழுதி "சிஸ்டர், நீங்களே என் லாகின்ல போட்ருங்க"ன்னுட்டாரு. ரெண்டு நாள் போட்டேன், மூணாவது நாள் மனசு கேக்கல. "சார், நான் தப்பா அடிச்சாலும் கம்ப்யூட்டர் பதிவுல உங்க பேருதான் வரும்"னேன். ஒண்ணும் பேசல. மறுநாள் ஓபி முடிஞ்சு அவரே நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு, தினம் பத்து நிமிசம், அவரு வழக்கமா எழுதுற முப்பது மருந்தையும் ஃபேவரிட்ல ஏத்திக் குடுத்தேன், ஒரு வாரத்துல சீட்டு நின்னுபோச்சு. ஏசி ஹாலுக்கு ஆன செலவுக்கு வார்டுல ரெண்டு பேர ஒரு மாசம் கூடவே நிறுத்தியிருக்கலாம், நான் மேனேஜர்கிட்ட சொன்னா டீ குடிக்கிறீங்களாம்மாங்குறாரு.

கரண்ட்டோ சர்வரோ போனா பச்ச ஃபைல்ல பேப்பர் ஃபாரம் இருக்கு, வந்தப்புறம் ஏத்திக்கலாம். பழைய நோட்ட அப்படியே காப்பி அடிக்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகல, ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாள் நோட்ல 'முதல் நாள்'னு கெடக்கும்.

அடுத்த அப்டேட் எப்பன்னு கம்பெனில கேட்டேன். ஜூன் கடைசின்னு சொல்லுதாங்க, அப்பதான் இங்க சாரல் ஆரம்பிக்கும்.