கும்பகோணம் காந்தி பார்க் பக்கத்து ஜெராக்ஸ் கடை: கிராஃப் நிறைய இருந்தால் இங்கே கொடுங்கள்

எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க அலைகிறவர்களுக்கு மட்டும் இது. காந்தி பார்க்கை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை, போர்டு வெளிறிப்போய் பெயரே தெரியாது, ஆனால் வேலை சுத்தம்.

என் தலைப்பு டைரக்டட் பெர்கோலேஷன். சதுர வலையில் ஒவ்வொரு இணைப்பும் ஏதோவொரு நிகழ்தகவில் திறந்திருக்கும், ஒரே திசையில்தான் போகலாம், திரும்பி வர முடியாது. அந்த நிகழ்தகவு சுமார் 0.6447-ஐத் தாண்டினால்தான் கடைசிவரை போய்ச்சேர வாய்ப்பே உண்டு. திசைக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இதே வலையில் சரியாகப் பாதி போதும், அது நிரூபணமான விஷயம்; திசை வந்ததும் இன்றுவரை யாரும் துல்லியமான தீர்வு காணவில்லை, கம்ப்யூட்டரில் ஓட்டித்தான் எண்ணைப் பிடிக்கிறோம்.

மொத்த ப்ராஜெக்டும் ஒரே ஒரு லாக்-லாக் படத்தில் (இரண்டு அச்சும் மடக்கை அளவில் உள்ள கிராஃப்) இருக்கிறது. மாறுநிலைப் புள்ளியில், அதாவது அந்த 0.6447-இல், கோடு நேராக இறங்கும், கொஞ்சம் குறைந்தால் கீழே வளைந்து செத்துவிடும், கொஞ்சம் கூடினால் படுத்துக்கொள்ளும். முதலில் கொடுத்த வேறொரு கடையில் இந்த மூன்றும் ஒரே கறுப்பாக வந்தன. போதாக்குறைக்கு ஃபான்ட் இல்லாமல் பீட்டா, டெல்டா என்ற இரண்டு அடுக்கு எண்களின் குறிகளும் கட்டம் கட்டமாகிவிட, 0.276 எதன் மதிப்பு, 0.159 எதன் மதிப்பு என்று எனக்கே புரியவில்லை. இணைப்புக்குப் பதில் புள்ளிகளைத் திறந்து மூடினால் மாறுநிலை 0.7055-க்கு நகர்ந்துவிடும், இந்த அடுக்கு எண்கள் மட்டும் நகராது. இயற்பியலாளர்கள் யான்சனும் கிராஸ்பெர்கரும் 1981, 82-இல் முன்வைத்த கருத்தின் உயிரே அதுதான், அங்கே போய்க் கட்டம் வந்தால் கைடு விடுவாரா?

இந்தக் கடை அண்ணன் பிரிண்ட் கொடுப்பதற்கு முன் படத்தை ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, கறுப்புல எடுத்தா மூணும் ஒண்ணாத்தான் தெரியும். நடுக்கோட்ட மட்டும் முழுசா விட்டுட்டு மத்த ரெண்டையும் விட்டு விட்டுப் போற கோடாப் போடுங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். இது என்ன படம் என்று கேட்டதற்கு, வாய்க்கால் எல்லாம் பாதி அடைத்துக் கிடந்தால் தண்ணீர் கடைமடைக்கு வருமா வராதா என்கிற கணக்கு என்றேன். அவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரராம். "ஜூன் 12-ல மேட்டூர் தொறந்தா எங்க அப்பா போடுற கணக்குதான்" என்று சிரித்தார்.

கிளஸ்டர் (ஒன்றோடொன்று இணைந்த புள்ளிக் கூட்டம்) படங்களுக்கு எக்ஸிக்யூட்டிவ் பாண்ட் பேப்பர் கேளுங்கள், சாதாரணத் தாளில் பொடிப் புள்ளிகள் அப்பிக்கொள்கின்றன. எல்லாப் பிரதியையும் லேசரிலேயே எடுக்கச் சொல்லுங்கள், ஒன்று எடுத்து ஜெராக்ஸ் போட்டால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும்.

குறை இல்லாமல் இல்லை. தங்க எழுத்து அட்டை வெளியில் போய் வருகிறது, நாளைக்கு என்றால் நாளை மறுநாள். எனக்கு அட்டையில் 'பெர்குலேஷன்' என்று வந்தது. பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும் ஒரு நாள் போச்சு. அப்புறம் ஏப்ரல் மாதம் நர்சிங் ரெக்கார்டு கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது, மார்ச்சிலேயே போய்விடுங்கள். வேர்டு ஃபைல் வேண்டாம், பிடிஎஃப் கொண்டு போங்கள். ஜிபே வாங்குகிறார்கள்.