வெள்ளைக் கவசம் மஞ்சளாகாமல் காக்க: பூச்சா, பெட்டியா, பரணா?

சேலம் குகையில் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கைக்கு (வேடமிட்டவர்கள் வண்டிகளில் வரும் ஊர்வலம்) வேடமிடுபவரின் பிளாஸ்டிக் மார்க்கவசமானாலும், அஸ்தம்பட்டி வீடொன்றின் அலமாரியில் அடுக்கியிருக்கும் வெள்ளைப் பொம்மைகளானாலும், மஞ்சளடித்துப் போகாமலிருக்க மூன்று வழிகளே பொதுவாகச் சொல்லப்படுகின்றன: மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சை அடிப்பது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பெட்டிக்குள் வைப்பது, வெளிச்சமே படாமல் மூடிவைப்பது.

வெள்ளைக் கவசங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் எனும் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டால் ஆனவை. அந்தத் தகட்டுக்கு அடிதாங்கும் வலுவைத் தருவது அதில் கலந்துள்ள பியூட்டாடையீன் ரப்பர். புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேரும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் தாக்குவதும் அந்த ரப்பரைத்தான். நிறம் மாறுவதோடு மேற்பரப்பு நொறுங்கும் தன்மையும் பெறுவதால், இதை வெறும் அழகுக் குறையாக எண்ணிவிடக் கூடாது.

உடுத்தி ஆடும் கவசத்துக்கு என் தேர்வு பூச்சுதான். கார் பெயிண்ட் பட்டறைகளில் அடிக்கப்படும் டூ-பேக் பியூ கிளியர் (இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு), புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மம் கலந்ததாக இருந்தால், உராய்வையும் வெயிலையும் ஒருசேரத் தாங்கும். மர வார்னிஷும் எபாக்சியும் தாமே மஞ்சளாகிவிடுபவை என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பூச்சை இளக்கச் சேர்க்கும் தின்னர் ஏபிஎஸ்ஸைக் கரைக்கக்கூடியது. ஆகவே முதலில் உள்பக்கத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிப்பதே முறை. டூ-பேக்கில் உள்ள ஐசோசயனேட் எனும் வேதிப்பொருள் நுரையீரலைப் பாதிக்குமாதலால் வீட்டு மாடியில் வைத்து அடிக்கவே கூடாது. மென்மையான பிவிசி பொம்மைகளுக்கு இந்த வழி பொருந்தாது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் உள்ளிருந்து கசிந்து பூச்சையே பிசுபிசுக்க வைத்துவிடும்.

அத்தகைய பொம்மைகளுக்குப் பெட்டியே ஏற்றது. ஆனால் சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரின் யுவி-பி வகையைத் தடுத்தாலும் யுவி-ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சன்னலைப் பார்த்து நிற்கும் ஷோகேஸ் பாதுகாப்பு ஆகாது. புற ஊதாக் கதிரை வடிகட்டும் அக்ரிலிக் தகடு, வெளியே பொருத்திய எல்இடி விளக்கு, சற்றே காற்றோட்டம் ஆகிய மூன்றும் வேண்டும்.

மூன்றாவது வழியில்தான் சேலத்துக்காரர்கள் ஏமாறுகிறார்கள். பழைய மார்க்கவசத்தின் வாரைக் கழற்றிப் பார்த்தால், வார் மூடியிருந்த பட்டை மட்டும் வெள்ளையாக இருக்கும். அது வெளிச்சம் செய்த வேலை. அட்டைப்பெட்டியில் போட்டு மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணில் ஏற்றிய தலைக்கவசமோ ஒரே சீராக மஞ்சளாகியிருக்கும்; அது வெப்பம் செய்த வேலை. இத்தகைய வேதிவினைகளின் வேகம், தோராயமாகச் சொன்னால், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகிக்கும் பரணைவிட, உள்ளறைக் கட்டிலடியின் இருட்டு எவ்வளவோ மேல்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் வெப்பத் தொல்லை குறைவு. எனினும் உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரின் வலு கூடும். பனிமூட்ட ஈரத்தில் துணிவாரும் உள்வரிப் பஞ்சும் பூஞ்சை பிடிக்கும். அங்கே இருட்டில் வைப்பதோடு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போட்டு, அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே மஞ்சளானதை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பதை இவற்றுக்கு ஈடாகக் கருத முடியாது. நிறம் திரும்பினாலும் பிளாஸ்டிக் இழந்த வலு திரும்பாது. திட்டுத்திட்டாக வெளுப்பதும், நாளடைவில் மீண்டும் மஞ்சளாவதும் உண்டு. வெளுத்தே ஆக வேண்டுமென்றால், நன்றாகக் கழுவி உலர்த்தியபின் உடனே கிளியர் கோட் அடித்துவிட வேண்டும்.