28 நாள் கணக்கும் மதுரையில் கட்டிய இரண்டு பில்லும்

மே மாதக் கடைசியில் கீழக்கரைக்குப் புறப்பட்டபோது, பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரு மதிப்பீட்டுத் தாளையும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். நியூஜெர்சியில் ஓர் ஆஸ்பத்திரி கொடுத்தது. அறுவை டாக்டருக்கு 1,400 டாலர், மயக்க டாக்டருக்கு 1,150, தியேட்டருக்கு 4,800. மொத்தம் 7,350 டாலர். இதெல்லாம் எங்கள் மகனுக்கு சுன்னத் செய்ய.

இதே சுன்னத் டிசம்பரிலேயே எங்களுக்கு 120 டாலரில் முடிந்திருக்கும். எங்களைப் போல யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதால், நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்தது டிசம்பர் 4. இரண்டாம் நாள் நர்ஸ் வந்து, செய்துவிடலாமா என்று கேட்டார். செய்யலாம் என்றோம். அதற்குள் மஞ்சள் காமாலை ஏறிவிட்டது, பிள்ளையை நீல வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைத்தார்கள். "வீட்டுக்குப் போங்க, கிளினிக்கில் பிறகு செஞ்சுக்கலாம்" என்று அனுப்பினார்கள். நாங்களும் தலையாட்டினோம். கிளினிக்கில் கிடைத்த தேதி ஜனவரி 8. அன்று பிள்ளைக்கு 35 நாள். எடை பார்த்துவிட்டு, ஒரு மாதம் தாண்டிய பிள்ளைக்கு இங்கே செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து பார்த்த சிறுநீரக அறுவை டாக்டர், ஆறு மாதம் ஆகட்டும், மயக்கம் கொடுத்து தியேட்டரில்தான் செய்ய வேண்டும் என்றார்.

அமெரிக்காவில் பில் எழுதுகிறவர்களுக்கு இதில் மூன்று எண்கள் உண்டு. கிளாம்ப் அல்லது ரிங் வைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்தால் 54150. கத்தியால் செய்தால், பிள்ளைக்கு 28 நாளுக்குள் என்றால் 54160, அதைத் தாண்டினால் 54161. நோய்க்கு எழுதும் இடத்தில் இசட்41.2 என்று போடுவார்கள். வழக்கத்துக்காகவோ மதச் சடங்காகவோ செய்வது என்று அதற்குப் பொருள். காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தால் "கவர் ஆகுமா" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது, இந்த எண்களைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் "கவர் ஆகும்". எண்ணைச் சொன்ன பிறகுதான், பிறந்த குழந்தைக்கான வழக்கமான கவனிப்பில் இது சேராது, டிடக்டிபிள் (வருடா வருடம் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) கட்டின பிறகே நாங்கள் தருவோம் என்றார்கள்.

டிடக்டிபிள் விஷயம் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பிரசவச் செலவிலேயே எங்கள் குடும்பத்துக்கான 3,000 டாலர் டிசம்பரில் தீர்ந்துவிட்டது. அந்த மாதமே செய்திருந்தால், டாக்டர் சொன்ன 600 டாலரில் எங்கள் பங்கு 20 சதவீதம்தான். ஜனவரி 1 வந்ததும் 3,000 திரும்ப முதலிலிருந்து. 7,350 டாலர் பில்லை அப்படியே அவர்கள் ஏற்றுக்கொண்டாலும், முதலில் 3,000, மிச்சத்தில் 20 சதவீதமாக 870, ஆக 3,870 டாலர் எங்கள் கையிலிருந்து போகும். வருடக் கடைசியில் பிரசவம் உள்ளவர்கள் இதை வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை மூலம் காப்பீடு உள்ளவர்கள், பிறந்த 30 நாளுக்குள் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் இருப்பவர்களுக்கு, சுன்னத்துக்குப் பணம் உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியா 1982லேயே நிறுத்திவிட்டது. காப்பீடு இல்லாமல் கைக்காசு கட்டுபவர்கள், 2022 ஜனவரியில் வந்த சட்டப்படி, முன்கூட்டியே எழுத்து மூலம் மதிப்பீடு கேட்டு வாங்கலாம். டொராண்டோவில் இருக்கும் மாமா மகளிடம் கேட்டேன். ஒன்டாரியோ அரசுக் காப்பீடு 1994லேயே இதைக் கைவிட்டதாகவும், கைக்காசு போட்டுத்தான் செய்ததாகவும் சொன்னாள்.

ஊருக்குப் போவது ஏற்கெனவே முடிவான பயணம், உம்மாவும் வாப்பாவும் பேரனை நேரில் பார்த்ததில்லை. அதனால்தான் அங்கேயே செய்யலாம் என்று தீர்மானித்தோம். இதற்காகவே டிக்கெட் எடுத்து ஊருக்குப் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

என் மூத்த காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, நடந்த மார்க்கக் கல்யாணம் என்ற சுன்னத் விழா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கு ஏழு வயது. மருதாணி வைத்து, பூமாலை போட்டு, குதிரையில் ஏற்றித் தெருவைச் சுற்றி அழைத்து வந்தார்கள். செய்தவர் ஒஸ்தா, பரம்பரையாகச் சுன்னத் செய்பவர். காயத்தில் துணி படாமல் இருக்க, வெள்ளை வேட்டியை உத்தரத்தில் கட்டி மேலே தொங்கவிட்டிருந்தார்கள். தெருப் பெண்கள் நாட்டுக்கோழி முட்டை கொண்டு வந்தார்கள். இப்போது பெரும்பாலோர் கைப்பிள்ளையிலேயே டாக்டரிடம் முடித்துவிடுகிறார்கள். கோடை லீவில் ஜமாஅத்துகள் இலவச முகாம் நடத்துகின்றன. அரசு ஆஸ்பத்திரியிலும் காசில்லாமல் செய்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமி தன் இரண்டு பேரன்களுக்கும் அங்கேதான் செய்தார், நல்லபடியாகவே ஆறியது.

உள்ளூரில் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தேன். "ஏழாயிரம்" என்றார்கள். அதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டேன். மருந்து தனி, ரிங் தனி, மறுபடி காட்ட வந்தால் அதற்கும் தனி. மரத்துப்போக ஊசி போடுவீர்களா என்று கேட்டதற்கு வந்த பதில்: "பச்சப் புள்ளைக்கு என்னம்மா வலி தெரியும்? ரெண்டு நிமிஷ வேலை." போனை வைத்துவிட்டேன். பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியும். அதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012ல் வெளியிட்ட அறிக்கை, எல்லாப் பிள்ளைக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நன்மைகள் ஆபத்தைவிட அதிகம், முடிவு பெற்றோருடையது என்றது. ஆனால் செய்வதானால் வலி தெரியாமல் செய்ய வேண்டும் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. உங்களிடம் யார் எவ்வளவு குறைவாக விலை சொன்னாலும், இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

கடைசியில் மதுரையில் குழந்தைகள் அறுவை டாக்டர் ஒருவரிடம் போனோம், காரில் இரண்டரை மணி நேரம். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பியும் அவன் 48 நாள் மகனைத் தூக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டான். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்பது வாப்பாவின் ஆசை.

டாக்டர் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் நிற்காமல் போகும் நோய் உண்டா? பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா? சிறுநீர் எப்படிப் போகிறது? பிறகு சிறுநீர்த் துவாரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார். துவாரம் கீழே இறங்கியிருந்தால் சுன்னத் செய்யவே கூடாதாம். பின்னால் அதைச் சரிசெய்ய அந்த முன்தோல்தான் தேவைப்படும் என்று விளக்கினார். இதைப் பார்க்காமல் ரெண்டு நிமிஷத்தில் முடிக்கிற இடங்களை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது.

தம்பி மகனுக்கு ஊசி போட்டு மரக்க வைத்து ரிங் முறை. 11,500 ரூபாய். என் மகனுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டதால் முழு மயக்கம், மயக்க டாக்டர், இரத்தப் பரிசோதனை, தியேட்டர், கரையும் தையல், சாயங்காலம் வரை படுக்கை, ஒரு மறுபார்வை. எல்லாம் சேர்த்து 29,800 ரூபாய், ஏறக்குறைய 350 டாலர். ஒரே டாக்டர், ஒரே காலை, ஒரே வேலை. வயது மாறியதால் பில் இரண்டரை மடங்கு. நியூஜெர்சியில் நடந்ததும் இதுதான், அங்கே மடங்கு பெரிது.

பணம் கட்டும் இடத்தில் ஒரு சங்கடம். தம்பிக்குக் கம்பெனி தரும் குழுக் காப்பீடு இருக்கிறது, பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அதில் உண்டு. தனியாக எடுக்கும் பாலிசிகளில் பல, 90 நாள் ஆன பிறகுதான் பிள்ளையைச் சேர்க்கும். ஆனால் அவன் பாலிசியில், நோய்க்கான சிகிச்சையாகத் தேவைப்பட்டால் ஒழிய சுன்னத்துக்குப் பணம் இல்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. காப்பீட்டு மேசையில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "ஃபைமோசிஸ்னு போட்டுக்கலாம் சார், கிளைம் ஆயிடும்" என்றார். முன்தோல் இறுகிப்போன நோய் என்று பொருள். கைப்பிள்ளைகள் எல்லோருக்குமே முன்தோல் பின்னால் போகாமல்தான் இருக்கும், அது இயற்கை. அதனால் இந்தப் பொய்யை எழுதுவது சுலபம்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற வாப்பா சொன்னார்: "சுன்னத்து செய்யுறதே நபி வழின்னுதான் வாப்பா. அதுக்குப் போயி பொய்ச் சீட்டு எழுதணுமா? நான் கட்டுறேன்." கட்டியும் விட்டார். வாப்பா சொன்னதற்கு மேல் எனக்கும் ஒரு பயம் இருந்தது. இல்லாத நோய் ஒன்று அந்தப் பிள்ளையின் மருத்துவக் கோப்பில் காலத்துக்கும் உட்கார்ந்துகொள்ளும். 11,500 ரூபாய்க்காக அதைச் செய்யலாமா?

அன்று காலை தாய்ப்பால் கொடுத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. புட்டிப்பால் என்றால் ஆறு மணி நேரம். பயணத்திலேயே கடினமான நேரம் அதுதான். பிள்ளை என் மார்பைத் தேடித் தேடி அழுதான், நான் தூக்கினால் வாசனை பட்டு இன்னும் அழுதான். என் கணவர் தோளில் போட்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். காலை முதல் ஆளாக எங்கள் பிள்ளையை எடுங்கள் என்று நாங்கள் முன்பே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள், சிறு பிள்ளைகளை முதலில் எடுப்பதுதான் முறை என்று அங்குள்ள நர்ஸே சொன்னார்.

வெளியே வந்த பிறகு மதியமே சிறுநீர் கழித்தான். எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால் சொட்டு, டயப்பர் மாற்றும்போதெல்லாம் வாஸ்லின், வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் மஞ்சளாக ஓர் ஏடு படிந்ததைப் பார்த்து உம்மா சீழ் என்று பதறிவிட்டார். போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன், ஆறுகிற காயம் அப்படித்தான் இருக்கும், துடைத்து எடுக்காதீர்கள் என்று பதில் வந்தது. துணி நனைகிற அளவு இரத்தம், காய்ச்சல், சிறுநீர் போகாமல் இருப்பது, இவைதான் உடனே ஓட வேண்டிய அறிகுறிகள் என்று எழுதியே கொடுத்திருந்தார். அமெரிக்கா திரும்ப இரண்டு வாரமாவது இருக்கும்படி தேதி வைத்துக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று.

டிஸ்சார்ஜ் தாளில் எடை, கொடுத்த மயக்க மருந்து, செய்த முறை, தையல் வகை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கினேன். எங்கள் அமெரிக்கக் காப்பீட்டில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு மட்டுமே பணம் உண்டு, அதனால் இதற்குக் கிளைம் கிடையாது. தாள் வாங்கியது நியூஜெர்சிக் குழந்தை டாக்டருக்காக. திரும்பி வந்த வாரமே அதைப் படித்துப் பார்த்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

தம்பி மகனுக்கு ரிங் எட்டாம் நாள் டயப்பரோடு விழுந்தது. அதுவரைக்கும் வாப்பா தினமும் இரண்டு தொட்டிலுக்கும் மேலே உத்தரத்தில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். டயப்பர் போட்ட பிள்ளைக்கு அது எதற்கு என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.