முதல் நாள் ராத்திரிப் பந்திக்கு ஒப்புட்டு: கல்லோடு வந்து சுட்டுக் கொடுக்கும் அக்காவைப் பற்றி

வைகாசியில் கோபியில் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தச் சாப்பாட்டை அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடித்துவிட்டார்கள். "இணைச்சீர் உன்னுது, முதல் நாள் ராத்திரிக்கு இனிப்பு என்னன்னும் நீயே சொல்லிப்போடு அம்மணி" என்று பெரியப்பா அதை மட்டும் என் கையில் கொடுத்தார். இணைச்சீர் என்பது மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற எங்கள் கொங்குச் சடங்கு. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஒரு வேலை என்று கொடுத்தால் நோட்டுப் போட்டுத்தான் செய்வேன். இதற்கும் போட்டேன்.

காலையில் வருகிறவர்கள் மொய் எழுதி, சாப்பிட்டு, பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். முதல் நாள் பொழுதோட வந்து மண்டபத்தில் தங்குகிறது நம் ஒறம்பரை. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தாவோடு பிறந்தவர்களின் பிள்ளைகள், பங்காளிகள், மாமன் மச்சான்மார். இணைச்சீர் முடிகிற வரைக்கும் படுக்கப் போக மாட்டார்கள். அவர்களுக்குப் போடுகிற இனிப்பில் அவசரமே இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

சமையல்காரர் கொடுத்த தாளில் ஏழு இனிப்பு இருந்தது. மூன்றைச் செய்து காட்டச் சொன்னேன். காசி அல்வாவில் பூசணித் துருவலை நன்றாகப் பிழியாமல் போட்டிருக்கிறார்கள், பாகு தனியாக ஓரத்தில் நின்றது. குலாப்ஜாமூனில் ஒரு குறையும் இல்லை, ஆனால் போன தையிலிருந்து நான் போன எல்லாக் கல்யாணத்திலும் அதுவேதான். இளநீர் பாயசம்தான் என் மனசைக் கொஞ்சம் ஆட்டியது. பொள்ளாச்சி இளநீர், வழுக்கை பதமாக இருந்தது, தேங்காய்ப்பால் கள்ளிச்சொட்டு. ஆனால் அது ஜில்லென்று இருந்தால்தான் அது. வைகாசி வெக்கையில் நானூறு கப்பை மூன்று மணி நேரம் ஐஸில் வைத்துக் காப்பாற்ற ஆள் வேண்டும். தேங்காய்ப்பால் கொஞ்சம் புளிப்பு தட்டினால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

போன வருசம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நடந்ததும் ஞாபகத்தில் இருந்தது. இனிப்புக்கு என்று தனியாக ஒருவரை அமர்த்தினார்கள். நெய் என்று சொல்லிவிட்டு டால்டாவில் கிண்டியிருந்தார். மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மடித்ததைப் பார்த்தபோது அந்த வீட்டு அத்தையின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால் கண்ணுக்கு முன்னால் செய்கிற இனிப்புதான் வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

முதலில் சந்தகை, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பம், நினைத்தேன். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் சூட்டோடு பிழிந்து சூட்டோடு தின்ன வேண்டியது. வீட்டில் பத்துப் பேருக்குப் பிழிவதற்கே ஒருவர் பிடிக்க ஒருவர் அழுத்த என்று இடுப்பு ஒடிந்துபோகும். விட்டுவிட்டேன்.

அம்மாதான் ஒப்புட்டை எடுத்துக் கொடுத்தாள். நோம்பி, பண்டிகை என்றால் அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சி விடியக்காலையே பருப்பை வேகப் போட்டுவிடும். மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பார்கள். எங்களுக்கு அது ஒப்புட்டுதான்.

கவுந்தப்பாடி தாண்டி, சித்தோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார் அந்த அக்கா. கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ரெண்டு பெரிய கல், அடுப்பு, கேஸ், கூட மூன்று பெண்கள். மண்டபத்துக்கே வந்து சுட்டுத் தருகிறார்கள். நானும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனோம். எங்கள் கண்ணெதிரில் கடலைப்பருப்பை இறக்கி, ரெண்டு விரலால் ஒரு பருப்பை நசுக்கிக் காட்டினார். "இது மசியோணும், ஆனா கரையக் கூடாதுங்க. கரைஞ்சுதுன்னா பூரணம் எளகிப்போயிரும், தட்டறப்பவே மாவு கிழிஞ்சு சர்க்கரை கல்லுல ஒழுகிக் கருகிப்போயிரும்." மைதாவைக் கொஞ்சம் மஞ்சத்தூளோடு பிசைந்து, மேலே நல்லெண்ணெய் நிற்கிற அளவுக்கு ஊற்றி மூன்று மணி நேரம் ஊறப் போட்டிருந்தார். இழுத்தால் ரப்பர் மாதிரி வந்தது. வாழையிலையில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலையை உரித்து எடுத்தார். ஓரம் வரைக்கும் பூரணம் போயிருந்தது. எனக்கு முக்கியமானது அதுதான். ஓரத்தில் வெறும் மாவைக் கடிக்க வைக்கிற ஒப்புட்டை நான் ஒத்துக்கொள்வதில்லை.

இனிப்புக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் சர்க்கரை வாங்குவது அங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான். 2019-இல் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். அக்கா வைத்திருந்தது பழுப்பு நிறம். பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற சர்க்கரையை அவர் வாங்குவதில்லை. நிறம் வர ஆலையில் ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு மருந்து போடுவார்கள், கடைசியில் நாக்கில் ஒரு உப்புக்கரிப்பு நிற்கும் என்றார். சர்க்கரையைக் கரைத்து, துணியில் வடிகட்டி, அதற்குப் பிறகுதான் பருப்பில் சேர்த்துக் கிளறுகிறார். அன்றைக்கு நான் மூன்று தின்றேன், ஒரு மணல் பல்லில் படவில்லை. ஏலக்காய் அடங்கித்தான் இருந்தது. சுக்கு ஒரு துளி தூக்கல், எனக்கு அது பிடித்தது.

ஒன்று இருபது ரூபாய் என்று பேசினோம். பருப்பு ஒப்புட்டு 600, தேங்காய் ஒப்புட்டு 100. நெய் எங்களுடையது. ஊத்துக்குளியில் மூன்று கிலோ வெண்ணெய் வாங்கி அம்மா வீட்டிலேயே முருங்கைக்கீரை போட்டு உருக்கினாள். அளவைப் பெரிதாகத் தட்டச் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சின்னதாத் தட்டுனா ரெண்டாவது கேட்டு வாங்கித் திம்பாங்க. பெருசாத் தட்டுனாப் பாதி எலையில கெடக்கும் கண்ணு." அவர் சொன்னதுதான் சரி. சர்க்கரை வியாதி இருக்கிற சித்தப்பாகூட ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மனநிறைவாக எழுந்தார்.

ராத்திரி எப்படிப் போனது என்று சொல்கிறேன். கல்லுக்கு ஆறு, ஒரு ஈடு மூன்று நிமிசம். ரெண்டு கல்லுக்கும் சேர்த்து மணிக்கு 240 வர வேண்டும் என்று நோட்டில் கணக்குப் போட்டிருந்தேன், ஏறக்குறைய அப்படியே வந்தது. நெய் வாசம் மண்டப வாசல் வரைக்கும் வந்து, பந்தி போடுவதற்கு முன்பே பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பெரியத்தை வட்டலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒன்றைத் தின்றுவிட்டு, "எங்கம்மா சுட்டது மாதிரியே இருக்குது" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாராம். சூடு பாலைக் கேட்டு வாங்கி அதில் நனைத்துத் தின்றவர்களும் இருந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை, பால் பத்தாமல் போய் ஓடிப்போய் வாங்கி வந்தோம்.

குறை ரெண்டு. முதல் பந்தி கூட்டத்தைச் சமாளிக்க ஆறு மணிக்கே நூற்றைம்பது சுட்டு ஒரு போசியில் அடுக்கி மூடி வைத்துவிட்டார்கள். ஆவி அடைத்து வியர்த்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. பிரித்ததில் முப்பதுக்குக் குறையாமல் கிழிந்திருக்கும். அகலமான தட்டில் துணி விரித்து, ஆறவிட்டு அடுக்கியிருக்க வேண்டும். முன்னமே சொல்லாதது என் தப்பும்தான். அடுத்தது தேங்காய் ஒப்புட்டு. துருவல் திப்பி திப்பியாக நின்று, கடித்தால் பூரணம் உதிர்ந்து மடியில் விழுந்தது. பருப்பு ஒப்புட்டில் அவ்வளவு கவனமாக இருக்கிற கை இதில் ஏன் தளர்ந்தது என்று தெரியவில்லை. நூறில் முக்கால்வாசி மீந்துவிட்டது. தேங்காய் கேட்காதீர்கள், பருப்பு மட்டும் சொல்லுங்கள்.

இணைச்சீர் முடிந்து நான் எழுந்தபோது மணி பதினொன்றரை. புடவையைக்கூட மாற்றவில்லை. அக்கா கல்லைக் கழுவாமல் வைத்திருந்து, எனக்கென்று உருட்டி வைத்த நாலு உருண்டையையும் அப்போதுதான் தட்டிப் போட்டார். தம்பிக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. மண்டபத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்றோம். அவனும் நானும் கடைசியாக அப்படி உட்கார்ந்தது அமுச்சி வீட்டுத் திண்ணையில்.

அவரை அமர்த்த நினைக்கிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்தான் எடுப்பார், அதனால் முகூர்த்த மாதம் என்றால் ரெண்டு மாதம் முன்பே போய்விடுங்கள். முன்பணம் மூவாயிரம் வாங்கினார். தட்டுவதற்கு வாழையிலையை மண்டபத்தில் கொடுக்க வேண்டும், கிழிசல் இல்லாத தலைவாழையாகப் பார்த்து எடுத்து வையுங்கள். அடுப்பைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, காற்று அடிக்காத மூலையில் போடச் சொல்லுங்கள், தீ அலைந்தால் ஒரு பக்கம் கருகும். இத்தனை இலை என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், எத்தனை ஒப்புட்டு என்று எண்ணிச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் தலைக்கு ஒன்றரைக்கு மேலேயே போனது.