பலூ தம்பியா, அனேக் தமிழா: தலைப்புக்கு எது?

ஓர் ஒலித்தொடருக்கு முகப்புப் படம் செய்ய வேண்டியிருந்தது. பெயர் ‘விண்ணும் மண்ணும்’. தடியாக, அடக்கமாக, முனை மழுங்கிய எழுத்துருவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு. தேடித் தேடி பலூ தம்பி 2, அனேக் தமிழ், காய்னி என்று மூன்றில் வந்து நின்றேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடுத்தது பலூ தம்பியைத்தான். அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விலை, உரிமம் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம். பலூவும் அனேக்கும் எக் டைப் என்ற ஒரே பட்டறையில் பிறந்தவை. பலூ குடும்பத்தில் மலையாளத்துக்குச் சேட்டன், நமக்குத் தம்பி. வயசுக் கணக்கு போட்டது யாரோ!

காய்னி உருண்டு திரண்டு பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரே தடிமன். அது ஏன் சிக்கல் என்பது ‘ண’வைப் பார்த்தால் புரியும்.

ஆங்கில எழுத்தை நெருக்குவது சுலபம்; பெரும்பாலும் நேர்கோடுகள்தானே. தமிழில் மூன்று சுழி ண பக்கவாட்டில் வளர்கிற எழுத்து. அதைத் தடியாக்கிக்கொண்டே ஒடுக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை முதலில் காணாமல் போகும். என் தலைப்பிலோ நான்கு ண, ஆக பன்னிரண்டு சுழி. அனேக்கை அதன் மிக ஒடுங்கிய அகலத்தில், 800 தடிமனில் (எண் கூடக் கூட எழுத்து தடிக்கும்) வைத்தேன். பெரிய திரையில் கம்பீரம். கைபேசிப் பட்டியலில் தெரியும் அளவுக்குச் சுருக்கியதும் ண எது, ன எது என்று நானே கண்ணைச் சுருக்கினேன்.

பலூவிலும் 800இல் அடைசல்தான், பொய் சொல்லக் கூடாது. 700க்கு இறக்கினேன், சுழிகள் மூச்சு விட்டன. கோடு முடியும் இடமெல்லாம் உருண்டிருப்பதால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் ஒரு நூல் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. முனை மழுங்கலை வெறும் செல்லத்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காய்னியில் இப்படி ஒரு படி இறங்க வழியில்லை. அனேக்கில் தாராளமாக இறங்கலாம், அகலத்தையும் கூட்டலாம். ஆனால் எனக்குக் கிடைப்பது அப்போது சாதாரணத் தடித்த எழுத்து, குழைவு வராது.

பலூவில் ஒரு தொல்லை உண்டு. இயல்பான வரி இடைவெளி ரொம்பத் தாராளம். தலைப்பை இரண்டு வரியாகப் பிரித்திருந்தேன்; அவற்றை நெருக்க, கையால் குறைத்துக்கொண்டே போனேன்; மேல்வரி ‘ணு’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் போய் முட்டியது. கீழ்வரியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தித்தான் தப்பித்தேன்.

நீளமான தலைப்பு ஒரே வரியில் அடங்க வேண்டுமென்றால் அனேக்தான், அதில் சந்தேகமில்லை. பலூவை அந்த அகலத்துக்குள் திணித்தால் உயரம் குறைந்து பொடியாகிவிடும். நான் சொல்வதெல்லாம் திரையில் பார்த்தது. காகிதத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தேன். மை கசிந்து 700இலும் இரண்டு சுழி அடைந்தன. அப்புறம் 600இல் அடித்ததும் திறந்துகொண்டன.